நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி: எந்த மென்பொருள், எத்தகைய பாட வடிவமைப்பு?

கோவைப் பகுதியில் மூன்று ஆலைகள் நடத்தும் ஒரு நூற்பு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: ரிங் ஃபிரேம் (இழையை முறுக்கி நூலாக்கும் இயந்திரம்) பிரிவில் புதிதாகச் சேரும் சைடர்களுக்கான (அந்த இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளர்களுக்கான) பயிற்சியை இணையவழிக்கு மாற்ற வேண்டும், தொண்ணூறு ஸ்லைடுகள் கொண்ட ஒரு பவர்பாயிண்ட் தயாராக இருக்கிறது, நிர்வாகம் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் வாங்கித் தர முன்வந்திருக்கிறது, கணினிப் பிரிவோ, மூடில் இலவசமாகக் கிடைக்கும்போது செலவு எதற்கு என்கிறது, இவற்றில் எதைத் தேர்வது, பாடத்தை எப்படி அமைப்பது?

இந்த இரண்டு மென்பொருள்களும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஸ்டோரிலைன் பாடத்தை உருவாக்கும் கருவி. அடோபி கேப்டிவேட், ஐஸ்பிரிங் ஆகியவையும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. மூடில், உருவாக்கிய பாடத்தை ஆட்களிடம் கொண்டுசேர்த்து, யார் முடித்தார்கள், யார் பாதியில் விட்டார்கள், எவ்வளவு மதிப்பெண் என்று பதிவேடு வைக்கும் தளம். ஒரு கருவியில் செய்த பாடம் வேறொரு நிறுவனத்தின் தளத்தில் ஓட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் அமைப்பு உருவாக்கிய ஸ்கார்ம்தான் அந்த ஏற்பாடு. 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. எந்தக் கருவியை வாங்கினாலும் அது பாடத்தை ஸ்கார்ம் பொதியாக (அந்த ஏற்பாட்டின்படி கட்டிய கோப்புத் தொகுப்பாக) வெளியிடுமா என்று பாருங்கள்; எந்தத் தளத்தை நிறுவினாலும் அது அந்தப் பொதியை ஏற்குமா என்று பாருங்கள்.

ஸ்கார்ம் 1.2இன் இரண்டு எல்லைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் பாடத்தில் எங்கே நிறுத்தினார், எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தார் என்பனவற்றைச் சேமிக்க அது ஒதுக்கும் இடம் 4,096 எழுத்துகள். பாடம் நீண்டு, கேள்விகள் பெருகினால் அந்த இடம் நிரம்பிவிடும். மறுநாள் திறக்கும் தொழிலாளிக்குப் பாடம் முதலிலிருந்து தொடங்கும், அவர் பயிற்சித் துறையைத் திட்டுவார். இன்னொன்று, "பாடம் முடிந்தது" என்பதையும் "தேர்ச்சி பெற்றார்" என்பதையும் அது ஒரே கட்டத்தில்தான் எழுதும். 2004 பதிப்பில்தான் இவை தனித்தனியாகப் பிரிந்தன. எனவே பாடத்தைச் சிறு சிறு பொதிகளாகப் பிரிப்பது கற்பித்தலுக்கு மட்டுமல்ல, பதிவேட்டுக்கும் நல்லது.

இனித் தேர்வுக்கு வருவோம். எந்தக் கருவியில் வசதிகள் அதிகம் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவதுதான் பொதுவான வழக்கம். அது பெரும்பாலும் பயனற்றது என்பது என் கருத்து. நான் முதலில் கேட்பது, இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தப் பாடத்தைத் திருத்தப்போகிறவர் யார் என்பதுதான். ஆலைப் பயிற்சிப் பாடம் ஒருமுறை செய்யப்பட்டுப் பலமுறை திருத்தப்படும் பொருள்: புது இயந்திரம் வரும், நூல் நிரம்பிய குழல்களைத் தானே கழற்றும் ஆட்டோ டாஃபர் பொருத்துவார்கள், நூலைக் குழலில் சுற்ற வழிகாட்டும் சிறு வளையமான ட்ராவலரை மாற்றும் முறை மாறும், பாதுகாப்பு விதியில் ஒரு வரி சேரும். அப்போது ஸ்டோரிலைன் தெரிந்த அந்த ஒருவர் வேறு வேலைக்குப் போயிருந்தால், அல்லது சந்தா புதுப்பிக்கப்படாமல் இருந்தால், அந்த ஒரு வரியைச் சேர்க்க வழியில்லாமல் பழைய பாடமே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. பாடம் உருவாக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதன் மூலக் கோப்பை வேறு எந்த மென்பொருளிலும் திறந்து திருத்த முடியாது. ஏற்கெனவே வெளியிட்டு எடுத்துவைத்த பொதி சந்தா முடிந்த பிறகும் ஓடும் என்பது உண்மை. ஆனால் ஓடுவதும் திருத்த முடிவதும் வேறு வேறு. பழைய இணையப் பாடங்கள் பல நம்பியிருந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு நின்றபோது, மூலப் படங்களையும் உரைகளையும் தனியாக வைத்திருந்த நிறுவனங்கள் பாடங்களைப் புதிய வடிவில் மீண்டும் கட்டிக்கொண்டன. வெளியீட்டுக் கோப்பை மட்டும் வைத்திருந்தவை ஒன்றுமில்லாமல் நின்றன.

இரண்டாவது கேள்வி, பாடம் எந்தத் திரையில் பார்க்கப்படும் என்பது. உங்கள் சைடர்கள் அதைக் கணினியில் பார்க்கப்போவதில்லை. விடுதி அறையில் தங்கள் கைப்பேசியில், அதுவும் நிமிர்த்திப் பிடித்தபடி பார்ப்பார்கள். ஸ்டோரிலைனின் அடிப்படை அலகு நிலையான அளவுள்ள ஸ்லைடு. திரை சிறுத்தால் ஸ்லைடு முழுவதும் சேர்ந்து சிறுக்கும், எழுத்து மடங்கி அடுத்த வரிக்குப் போகாது. அகலமான ஸ்லைடு ஒன்று நிமிர்ந்த கைப்பேசியில் நடுவே ஒரு பட்டையாகத் தெரியும். அதிலுள்ள தமிழைப் படிக்க ஒவ்வொரு முறையும் திரையைத் திருப்ப வேண்டும். அதே நிறுவனத்தின் ரைஸ், திறமூல மென்பொருளான அடாப்ட் ஆகியவை மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வகை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அடாப்ட்டை நிறுவி நடத்த நிரல் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் கணினிப் பிரிவுக்கு அதற்கு நேரம் இருக்குமா என்பது சந்தேகம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூடிலும் ஹெச்5பியும் சேர்ந்த அமைப்பு. மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 2002இல் வெளியிட்ட மூடில், உரிமக் கட்டணம் இல்லாத திறமூலத் தளம். தமிழ் இடைமுகமும் உண்டு. நார்வேயில் பிறந்த ஹெச்5பி, காணொளியின் நடுவே கேள்வி கேட்பது, சூழலுக்கேற்பக் கிளை பிரியும் பயிற்சி போன்றவற்றைப் படிவத்தை நிரப்புவதுபோலச் செய்ய உதவும் கருவி. 2020இல் வந்த மூடில் 3.9 பதிப்பு முதல் அது மூடிலுக்குள்ளேயே ஒரு செயற்பாடாக அமைந்து, மதிப்பெண்ணையும் நேரே பதிவேட்டில் ஏற்றுகிறது. லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால் ஹெச்5பி பாடத்தைத் தளம் எதுவும் இல்லாமலே உருவாக்கி, ஸ்கார்ம் பொதியாகவும் ஏற்றுமதி செய்யலாம். விடுதியில் இணைப்பு சரியாக இல்லையென்றால் இது கைகொடுக்கும்: மூடில் செயலியில் ஸ்கார்ம் பொதியை முன்கூட்டியே இறக்கிவைத்து இணைப்பில்லாமல் நடத்தலாம், இணைப்பு வந்ததும் மதிப்பெண் ஏறிவிடும். அதைவிட முக்கியம், ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் ஹெச்5பி பாடத்தில் ஒரு கேள்வியை மாற்ற அவருக்கே தெரிந்துவிடும்.

மூடில் இலவசம் என்று உங்கள் கணினிப் பிரிவு சொல்வது உரிமத்தைப் பொறுத்தவரை மட்டுமே சரி. சர்வர், காப்புப் பிரதி, பதிப்பு மேம்படுத்தல், மறந்துபோன கடவுச்சொற்கள் என எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஆளின் பெயரை முடிவு செய்யாமல் தளத்தை நிறுவாதீர்கள்.

ஸ்டோரிலைன் வாங்குவது நியாயமாகும் இடமும் உண்டு. புதிய ரிங் ஃபிரேம்களின் தொடுதிரைக் கட்டுப்பாட்டுப் பலகையை அப்படியே போலியாகச் செய்து, எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்று பழக்க வேண்டுமானால் அதற்கு ஸ்டோரிலைனோ கேப்டிவேட்டோதான் சரி. ஹெச்5பியில் அதைச் செய்ய முயன்றால் நேரம்தான் வீணாகும். ஆனால் சைடரின் வேலையில் பெரும்பகுதி திரையில் இல்லை, கையில் இருக்கிறது.

அந்தக் கைவேலையை எடுத்துக்கொண்டு வடிவமைப்புக்கு வருகிறேன். உங்கள் தொண்ணூறு ஸ்லைடுகளை நான் பார்க்கவில்லை என்றாலும், இத்தகைய ஸ்லைடுகள் வழக்கமாக எப்படித் தொடங்கும் என்பது தெரியும்: நிறுவனத்தின் வரலாறு, பஞ்சு வகைகள், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம் முதல் ரிங் ஃபிரேம் வரையிலான வரிசை, பிறகு பாகங்களின் பெயர்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் தடுமாறுவது இவற்றில் அல்ல, அறுந்த நூலை இணைக்கும் பீசிங்கில். எனவே ஸ்லைடுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஷிப்ட் இன்சார்ஜையும் நன்கு வேலை தெரிந்த சைடர் ஒருவரையும் உட்காரவைத்து, புதியவர்கள் எங்கே தவறு செய்கிறார்கள், அதனால் ஆலைக்கு என்ன இழப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேத்தி மூர் என்ற பாட வடிவமைப்பாளர் 2008இல் முன்வைத்த முறையின் சாரமும் ஏறத்தாழ இதுவே: அடைய வேண்டிய விளைவு என்ன, அதற்கு ஆட்கள் என்ன செய்ய வேண்டும், அதை ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போய், அறிவுக் குறைவால் வரும் சிக்கலுக்கு மட்டும் பாடம் செய்வது. ரோலரில் சுற்றிக்கொள்ளும் பஞ்சை (லேப்பிங்கை) எடுக்கும் கொக்கி இரண்டு இயந்திரங்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்பதால் ஆட்கள் விரலை விடுகிறார்கள் என்று தெரியவந்தால், அதற்குத் தீர்வு இன்னொரு கொக்கி, பாடம் அல்ல.

பீசிங்கைப் பாடமாக்குவதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நூல் அறுந்ததும் முழங்கால் பிரேக்கால் ஸ்பிண்டிலை (சுழலும் தண்டை) நிறுத்தி, காப்பை (நூல் சுற்றிய குழலை) உருவி, நுனியைக் கண்டுபிடித்துப் போதிய நீளம் இழுத்து, காப்பைத் திரும்பப் பொருத்தி, நூலை ட்ராவலரில் மாட்டி, மேலே நூலுக்கு வழிகாட்டும் லேப்பட் கொக்கி வழியாக ஏற்றி, முன் ரோலரிலிருந்து வரும் இழையோடு சேர்த்துப் பிரேக்கை விடுவது: பழகியவர் சில நொடிகளில் முடித்துவிடும் இந்த வேலையை ஸ்லைடில் படிப்படியாக எழுதிவைத்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. காணொளிதான் வழி. அதை எதிரே நின்று எடுக்காதீர்கள். எதிரே எடுத்தால் பார்ப்பவருக்கு இடம் வலமாகத் தெரியும், எந்தக் கை எங்கே என்று மனத்துக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண் பார்ப்பதைக் கேமராவும் பார்க்கும்படி எடுங்கள். முழு வேகத்தில் ஒருமுறை, மெதுவாக ஒருமுறை, ட்ராவலரில் மாட்டும் இடத்தை மட்டும் மிக அருகில் ஒருமுறை. நல்ல கைப்பேசி போதும். பஞ்சு பறக்கும் இடம் என்பதால் லென்ஸை அடிக்கடி துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குரலை அங்கேயே பதிவு செய்ய முயலாதீர்கள். ரிங் ஃபிரேம் ஓடும் இரைச்சலில் எந்த மைக்கும் உதவாது. அமைதியான அறையில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தனியாகப் பேசிப் பதிந்து, காணொளியோடு பிறகு சேர்த்துவிடுங்கள். இதில் இன்னொரு ஆதாயம் உண்டு. உங்கள் ஆலைகளில் தமிழர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள் என்றால், படத்தில் எழுத்து எதுவும் இல்லாமல் எடுத்துவைத்த அதே காணொளிக்குத் தமிழ், இந்தி, ஒடியாக் குரல்களை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். படத்தின் மேலேயே தமிழில் எழுதிப் பதித்துவிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் மறுபடி தொகுக்க வேண்டியிருக்கும்.

திரையில் எவ்வளவு எழுத்து வைப்பது என்பதற்கு கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் நல்ல வழிகாட்டி. படமும் குரலும் சேர்ந்து விளக்கும்போது, குரல் சொல்வதையே திரையிலும் முழுதாக எழுதிவைத்தால் கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே அலைபாய்ந்து கற்றல் குறைகிறது என்பது அவர் முடிவுகளில் ஒன்று. அதனால் குரல் விளக்கத்தோடு "ட்ராவலர்", "லேப்பட்" போன்ற பெயர்ச்சொற்களை மட்டும் அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் காட்டுவது சரியான முறை. இந்த விதிக்கு விலக்கும் உண்டு: கேட்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் வசன வரி உதவும். எனவே அதைப் பார்ப்பவர் விரும்பினால் போட்டுக்கொள்ளும்படி தனிக் கோப்பாகக் கொடுங்கள். பின்னணி இசை வேண்டாம். நிர்வாகம் கேட்டாலும் வேண்டாம்.

காணொளியின் நீளம் பற்றி எல்லாரும் ஆறு நிமிடம் என்று சொல்வார்கள். ஃபிலிப் குவோவும் உடனாய்வாளர்களும் இணையவழிக் கல்வித் தளமான எட்எக்ஸின் நான்கு பாடங்களில் சுமார் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவிய எண் அது. பல்கலைக்கழகப் பாடங்களை விரும்பிச் சேர்ந்து பார்த்தவர்களைப் பற்றியது என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்களுக்கு இயல்பான அலகு ஒரு வேலை: பீசிங் ஒன்று, ரோவிங் (நூலாக்கப்போகும் தடித்த இழை) மாற்றுவது ஒன்று, லேப்பிங் எடுப்பது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்விகளை அமைப்பதில்தான் பெரும்பாலான பாடங்கள் சறுக்குகின்றன. "ரிங் ஃபிரேமில் ட்ராவலரின் பயன் யாது?" என்று நான்கு விடைகளோடு கேட்பது நினைவைச் சோதிக்குமே தவிர வேலையைச் சோதிக்காது. அதற்குப் பதிலாக, மேல் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்ட ஒரு படத்தைக் காட்டி, பக்கத்தில் இரண்டு நூல்கள் அறுந்து தொங்குவதையும் காட்டி, "முதலில் எதைச் செய்வீர்கள், எதைக் கொண்டு?" என்று கேளுங்கள். விரலைத் தேர்ந்தெடுத்தவருக்குச் சிவப்புக் குறி மட்டும் போட்டு அனுப்பாமல், ஓடும் ரோலரில் விரல் இழுக்கப்படும் என்பதைக் காட்டும் அடுத்த காட்சிக்கு அழைத்துப் போங்கள். பிளேடைத் தேர்ந்தெடுத்தவருக்கு ரோலரின் ரப்பர் உறை கீறப்படுவதையும், அந்தக் கீறலால் அங்கே மீண்டும் மீண்டும் பஞ்சு சுற்றுவதையும் காட்டுங்கள். ஹெச்5பியின் கிளை பிரியும் பயிற்சி இதற்காகவே இருக்கிறது. இரண்டு மூன்று நிலைகளுக்கு மேல் கிளை விடாதீர்கள். விட்டால் திருத்துகிறவர் வழிதவறிப் போவார்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வைப்பதும் தவறு. படித்ததை மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைப்பது நீண்ட நாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. பாடம் முடிந்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் இரண்டே கேள்விகளை வாட்ஸப்பில் அனுப்புங்கள். முழுப் பயிற்சியையுமே வாட்ஸப்பில் காணொளியாக அனுப்பினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். நினைவூட்டலுக்கு அது நன்று, ஆனால் யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற பதிவு கிடைக்காது. பாதுகாப்புத் தணிக்கையின்போது அதுதான் கேட்கப்படும்.

தமிழில் பாடம் செய்யும்போது வரும் சிக்கல்களை வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதில்லை. உங்கள் பழைய பவர்பாயிண்ட் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் இருந்தால், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். கைப்பேசியில் அது பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும். எந்தக் கருவியின் இலவச முன்னோட்டத்தை எடுத்தாலும் முதலில் "கொக்கி", "பௌதிகம்", "ஸ்ரீ" ஆகிய சொற்களைத் தட்டச்சு செய்து, வெளியிட்டு, மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறி நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தட்டச்சு செய்து விடையளிக்கும் கேள்விகளைத் தவிர்ப்பது நல்லது. "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இரண்டையும் சமன்படுத்தத் தெரியாத மென்பொருள் "கொக்கி" என்று சரியாக எழுதியவருக்குத் தவறு என்று மதிப்பெண் போடும். சான்றிதழிலும் இதே தொல்லை வரும்: பிடிஎஃப் உருவாக்கும் நிரல்கள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் உடைந்து அச்சாகும். தன் பெயர் பிழையாக வந்த சான்றிதழை யாரும் பத்திரப்படுத்த மாட்டார்கள் என்பதால் நூறு பேருக்கு அச்சிடுமுன் "கௌசல்யா", "கோபால்" என்று இரண்டு பெயர்களைப் போட்டுப் பாருங்கள்.

உள்நுழைவும் சிறு விஷயமல்ல. மூடில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும்; கடவுச்சொல் மறந்தால் அதை மாற்றுவதற்கான இணைப்பையும் அங்கேதான் அனுப்பும். உங்கள் ஆட்களில் பலர் மின்னஞ்சலைப் பார்ப்பதே இல்லை. ஆலை தரும் டோக்கன் எண்ணையே பயனர்பெயராக்கி, சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு ஒன்றிலிருந்து எல்லாரையும் மொத்தமாக ஏற்றி, மின்னஞ்சல் கட்டத்தில் நிறுவனத்தின் டொமைனில் ஓர் ஒப்புக்கு முகவரி கொடுத்துவிடலாம். ஆனால் கடவுச்சொல்லை மாற்றித் தரும் அதிகாரம் ஒவ்வொரு ஆலையிலும் ஒரு மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். இரவு ஷிப்டிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

பயன் கிடைத்ததா என்பதைத் திரை மதிப்பெண்ணால் மட்டும் அளக்காதீர்கள். பயிற்சியை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகளில், ஆட்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றார்களா என்ற முதல் இரண்டோடு பெரும்பாலான நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. வேலையில் நடத்தை மாறியதா, ஆலைக்கு விளைவு என்ன என்ற அடுத்த இரண்டையும் அளக்க நூற்பாலையில் நல்ல வசதி இருக்கிறது. பாடம் முடித்தவரை இயந்திரத்தருகே நிறுத்தி, பத்து பீசிங் போடச் சொல்லி, நேரத்தையும் தோல்விகளையும் மேற்பார்வையாளர் ஒரு தாளில் குறித்தால் மூன்றாம் நிலை முடிந்தது. நூல் அறும்போது உறிஞ்சி எடுக்கப்படும் நியூமாஃபில் கழிவின் அளவும், வெட்டுப்பட்ட ரோலர்களின் எண்ணிக்கையும் எப்படியும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். மூன்று ஆலைகளில் ஒன்றில் மட்டும் பாடத்தை முதலில் தொடங்கி, மற்ற இரண்டோடு சில மாதங்கள் ஒப்பிட்டால் நான்காம் நிலைக்கு ஓரளவு நம்பகமான விடை கிடைக்கும். இவை நிர்வாகத்துக்குப் புரியும் எண்கள். "எண்பது விழுக்காடு பேர் பாடத்தை முடித்தனர்" என்பதைவிட அவர்களை அசைப்பவை.

எனவே இப்போதே எதையும் வாங்காதீர்கள். பீசிங் பாடம் ஒன்றை மட்டும் லூமியில் செய்து, புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள், எதைத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள். அதே பாடத்தை ஸ்டோரிலைனின் முப்பது நாள் இலவச முன்னோட்டத்திலும் செய்து பாருங்கள். பிறகு இரண்டிலும் ஒரு காட்சியை மாற்றும்படி, அந்தப் பாடத்தை உருவாக்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எதில் தடுமாறாமல் முடிக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாள் ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதாக முடிவெடுத்தால், வெளியீட்டுப் பொதியோடு மூலக் கோப்புகளும், தொகுக்காத காணொளிகளும், குரல் பதிவுகளும், உரைகளும் உங்களுக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதிவாங்கி, அவை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.